சந்தை நாளும் என் இடது தோளும்

மலைக்கிராமங்களுக்கு பிசியோதெரபிஸ்ட் வரும் நாளை அந்தந்த ஊராட்சியைக் கலந்து, சந்தை நாளில் விழாதபடி நிர்ணயிக்க வேண்டும். நோயாளிகள் வராவிட்டால் முதலில் நாளை மாற்றிப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகே வருகையை நிறுத்தலாம். இது சுகாதாரத் துறைச் சுற்றறிக்கையின் நான்காவது பத்தி. எளிய தமிழில் இருந்ததால் யாரும் படிக்கவில்லை போலிருக்கிறது.

எங்கள் சுகாதார நிலையத்துக்கு அவர் செவ்வாய்க்கிழமைதான் வந்தார். செவ்வாய்க்கிழமை சந்தை. சுமை தூக்கிக் கழுத்து பிடித்துக்கொண்டவர்கள் எல்லாரும் அன்று புளியையும் சாமையையும் தலையில் வைத்துக்கொண்டு சந்தைக்குப் போயிருப்பார்கள். சிகிச்சைக்கு மிஞ்சியவன் நான் ஒருவன்.

எனக்குப் போயிருந்தது குரல். வருவாய்த் துறையில் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்று, கடைசியாக வேலை பார்த்த ஜவ்வாது மலையிலேயே வீடு கட்டிக்கொண்டவன் நான். ஒரு நாள் பேச வாயைத் திறந்தேன். காற்று வந்தது, சத்தம் வரவில்லை. வேலூரில் ஒரு டாக்டர் மூக்கு வழியாகக் கேமராவை இறக்கிப் பார்த்தார். குரல் நாண்களில் கோளாறில்லை, கழுத்துத் தசைகள் இறுகி நெரிக்கின்றன, பிசியோதெரபி எடுங்கள் என்றார்.

பிசியோதெரபிஸ்ட் வாணியம்பாடிப் பெண். ஆலங்காயத்தில் மலை பஸ் பிடித்து வருவார். என் கழுத்தைத் தொடுவதற்கு முன்பு என்னை நாலடி நடக்கவிட்டுப் பார்த்தார்.

"எத்தனை வருஷம் சார் போனைத் தோள்ல இடுக்கிக்கிட்டு எழுதினீங்க?"

முப்பத்துநாலு வருடம். மேலதிகாரி போனில் சொல்லச் சொல்ல, இடது தோளில் ரிசீவரை இடுக்கி வலது கையால் குறித்துக்கொள்வதுதான் என் உத்தியோகம். அந்தத் தோள் காதை நோக்கி ஏறியது ஏறியதுதான். எனக்குப் பணி ஓய்வு ஆணை கொடுத்தவர்கள் தோளுக்குக் கொடுக்கவில்லை.

வாரா வாரம் அவர் தாடைக்குக் கீழே நீவிவிட்டார். குரல்வளையை இரு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் மெல்ல அசைத்தார். தோளை இறக்கி, மோவாயைப் பின்னுக்கு இழுத்து, உதட்டை மூடி 'ம்ம்ம்' என்று ஒலிக்கச் சொன்னார். ஆறாவது செவ்வாயன்று ஏதோ ஒரு சத்தம் வந்தது. வீட்டில் மனைவியிடம் செய்து காட்டினேன். "இவ்ளோ நாளு வூடு நிம்மதியா இருந்துது" என்றாள்.

குரல் பாதி திரும்பியிருந்தபோதுதான் அவர் அதைச் சொன்னார். ஆளே வருவதில்லை என்று அறிக்கை போயிருக்கிறது. அக்டோபரிலிருந்து மலை வருகையை நிறுத்துகிறார்கள். என் மீதிக் குரலும் ஊரின் அத்தனை கழுத்துகளும் அதோடு போயின.

நான்காவது பத்தியை மேற்கோள் காட்டி மாவட்ட அலுவலகத்துக்கு மனு அனுப்பினேன். மனு பெற்றதாகக்கூடப் பதில் இல்லை. தினமும் போன் செய்தேன். இணைப்பில் காத்திருக்கச் சொல்லிப் பாட்டு போட்டார்கள். கேட்கிற நேரத்தை வீணாக்குவானேன் என்று, செல்போனை இடது தோளில் இடுக்கிக்கொண்டு நினைவூட்டுக் கடிதங்கள் எழுதினேன். பிசியோதெரபிஸ்டைத் தக்கவைக்கத்தான் எழுதினேன். ஆகஸ்ட் பதினான்காம் தேதி குரல் அடியோடு நின்றது.

"அந்தப் பொண்ணு பாத்தா உன்ன அடிக்கும்" என்றாள் மனைவி.

மறுநாள் கிராம சபை. எழுத்தில் கொடுத்தால் கோப்புக் கட்டில் சேர்ப்பார்கள். அப்படிப்பட்ட கட்டுகளை நானே நிறையக் கட்டியிருக்கிறேன். சபையில் பேசித் தீர்மானமாக ஏற்றினால்தான் மதிப்பு. படித்துக் காட்ட வேறு ஆள் கிடைக்கும். குறுக்குக் கேள்விக்குப் பதில் சொல்ல நான்தான் வேண்டும்.

பள்ளி மைதானத்தில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடித்ததும், ஒன்றியத்திலிருந்து வந்த அதிகாரி, ஆள் வராததால் நிறுத்துகிறோம் என்று ஒரே வரியில் முடித்தார். எழுந்தேன். காற்றுதான் வந்தது. உட்கார்ந்து தோளை இறக்கினேன், மோவாயை இழுத்தேன், இரு விரலைக் குரல்வளையில் வைத்து 'ம்ம்ம்' என்று ஆரம்பித்தேன். சபை என்னையே பார்த்தது. பக்கத்தில் இருந்த புளி வியாபாரி அம்மாள் தன் தோழியிடம் கேட்டார்:

"இன்னாடி, பெரியவருக்கு சாமி வருதா?"

மைதானமே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். சிரிப்பு சத்தத்தோடு வந்தது. இறுக்கம் விட்டுப்போயிருந்தது. அது மறுபடி இறுகுவதற்குள் எழுந்து நான்காவது பத்தியைப் படித்தேன். கரகரப்பாக இருந்தாலும் கடைசி வரிசை வரை கேட்டது.

அதிகாரி விடவில்லை. "ஆள் வரலன்னா நாங்க என்னங்க பண்றது?"

நான் அவருக்குப் பதில் சொல்லாமல் சபையைக் கேட்டேன். "செவ்வாக்கெழம எல்லாரும் எங்க இருப்பீங்க?"

"சந்தைல."

மைதானம் மொத்தமும் சொன்னது. கழுத்து வலி, தோள் வலி உள்ளவர்கள் கையைத் தூக்கச் சொன்னேன். தூக்க முடியாதவர்கள் வாயால் சொன்னார்கள். வருகையை வெள்ளிக்கிழமைக்கு மாற்றத் தீர்மானம் எழுதி, வாசித்து, கையெழுத்தாகும் வரை அந்த இடத்தை விட்டு நான் நகரவில்லை. நகலையும் வாங்கிக்கொண்டேன்.

செப்டம்பர் கடைசிச் செவ்வாயில் பிசியோதெரபிஸ்ட் விடைபெற்றுக்கொண்டார். வெள்ளிக்கிழமை வாங்க என்றேன், முழுக் குரலில். சிரித்துவிட்டுப் போனார்.

மாவட்ட அலுவலகத்தின் கடிதம் மூன்றே வரி. வருகை தொடரும், இனி வெள்ளிக்கிழமை, நான்காவது பத்தியின்படி. போனைக் கையில் பிடித்துக்கொண்டு பிசியோதெரபிஸ்டுக்கு அதை இரண்டு முறை படித்துக் காட்டினேன். அலுவலகத்துக்குத் திடீரென்று ஞானம் பிறந்ததாக நான் நினைக்கவில்லை. அடுத்த கிராம சபை காந்தி ஜெயந்தியன்று. நான் மறுபடி எழுந்து நிற்பேன் என்று அவர்களுக்குத் தெரியும். கடிதம் என் கைக்கு வந்த தேதி அக்டோபர் ஒன்று.