வீட்டு எலியும் ஒரு பைத்தானும்

ஜார்ஜ் டவுனில் ஒரு மிருக கிளினிக்கின் கவுண்டரில் பத்தொன்பது வருடம் வேலை செய்தேன். பாம்பு கேஸ்கள் குறைவுதான். அதில் ஒன்று மட்டும் என்னைப் படாதபாடு படுத்தியது.

நான் வேலைக்குச் சேர்ந்த பதினோராவது வருடம், ஒரு சனிக்கிழமை. கார் மோதிய நாய்க்கு டாக்டர் உள்ளே தையல் போட்டுக்கொண்டிருந்தார். கடலுக்கு அந்தப் பக்கம் பிறை ஊரில் ஃபேக்டரி வேலை செய்யும் செல்வம் போன் செய்தார். பால் பைத்தான் என்ற சின்ன வகை மலைப்பாம்பு வளர்ப்பவர். கடையில் பாம்புக்குப் போடும் ஃப்ரோசன் எலி முடிந்துவிட்டது, வீட்டுக் கூண்டில் ஓர் எலி மாட்டியிருக்கிறது, கொன்று கொடுக்கலாமா என்று கேட்டார். இன்னொரு லைனும் அடித்துக்கொண்டிருந்தது.

"சைஸ் சரியா இருந்தா குடுங்கலா தம்பி" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஐந்தாம் நாள் பாம்பைத் தலையணை உறையில் போட்டுக் கொண்டுவந்தார். டாக்டர் வாயைத் திறந்து பார்த்தார். உள்ளே எல்லாம் ரத்தம். கடைசியாக என்ன சாப்பிட்டது என்று கேட்டார். செல்வம் ஒரு தரம் என்னைப் பார்த்தார். வீட்டு எலி என்று மட்டும் சொன்னார். அவர் வீட்டுக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் எலி மருந்து வைத்திருந்தது அவருக்குப் பிறகுதான் தெரிந்ததாம். அந்த மருந்தைத் தின்ற எலியைத் தின்றால் பாம்புக்கும் ரத்தம் உறையாது.

வைட்டமின் கே ஊசி போட்டு, பாம்பை எங்களிடமே வைத்துக்கொண்டோம். என்னால் ஒரு ஃபைலை முழுதாக எழுத முடியவில்லை. பத்து நிமிடத்துக்கொரு தரம் எழுந்துபோய்ப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். மூன்றாம் நாள் காலை டாக்டரிடம், நான்தான் கொடுக்கச் சொன்னேன் என்றேன். அவர் திட்டவில்லை. ஏன் தன்னைக் கேட்கவில்லை என்றார்.

அன்று சாயங்காலம் பாம்பைப் பார்க்க வந்த செல்வத்திடமும் சொன்னேன்.

"தப்பு என்னுதுதான், தம்பி."

அவர் பாம்புப் பெட்டியின் மூடியைச் சாத்தினார். "நீங்க தெரியாதுன்னு சொல்லியிருந்தா நான் குடுத்திருக்க மாட்டேன்க்கா."

ஆறாம் நாள் ரத்தம் நின்றது. இரண்டு வாரம் கழித்துப் பாம்பு வீட்டுக்குப் போனது.

வீட்டு எலி, தேரை, மசாலா தடவிய கோழி, உள்ளே ஐஸ் கரையாத எலி, இதெல்லாம் பாம்புக்கு ஆகாது. கவுண்டருக்குப் புதிதாக வருகிறவர்கள் இதைப் படித்தே தெரிந்துகொள்ளலாம். "தெரியாது, டாக்டரைக் கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லத்தான் எனக்குப் பதினோரு வருடம் ஆனது.