மலையிறக்கத்தில் பங்காளிகள்

சைக்கிளை ஜீப்பில் ஏற்றி மலை உச்சிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஒரு மிதிகூட மிதிக்காமல் மழைக்காடு வரை உருண்டு வருவதற்கு ஆட்கள் பணம் கட்டுகிறார்கள் என்று என் மகன் சொன்னபோது, எந்த மடையன் கட்டுவான் என்று கேட்டேன். "உங்களுக்குக் கட்டியாச்சுப்பா" என்றான். பெங்களூரில் வேலை பார்க்கிற பிள்ளைகளுக்குக் கையில் காசு சேரச் சேர மண்டையில் இருப்பது குறைந்துகொண்டே போகிறது.

எங்கள் ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம் எம்.ரெட்டியபட்டியை ஒட்டியது. மேடு என்று சொல்லிக்கொள்ள எங்களுக்கு இருப்பது கண்மாய்க்கரை ஒன்றுதான். ஆடிக் காற்றை எதிர்த்து, கேரியரில் பருத்திப் பொதியோடு பந்தல்குடி வரை மிதித்தவனுக்கு சைக்கிள் விளையாட்டுச் சாமான் இல்லை. எங்கள் பக்கம் ஒரு சைக்கிளில் பிரேக் பிடித்தால் அது புதுச் சைக்கிள் என்று அர்த்தம். மற்றதையெல்லாம் செருப்பை டயரில் வைத்து அழுத்தித்தான் நிறுத்துவோம். அப்படிப்பட்ட எனக்கு சைக்கிள் ஓட்டிக் காட்ட ஒரு வழிகாட்டி வேறு வருவானாம்.

மாட்டேன் என்றுதான் சொன்னேன். என் மனைவி, "சும்மாதான கெடக்கீக, போயிட்டு வாங்க. நானும் ரெண்டு நாள் நிம்மதியா இருப்பேன்" என்றாள். அதற்கு மேல் வீட்டில் இருந்து என்ன மரியாதை?

மூணாறுப் பக்கம் ஒரு விடுதியில் ராத்தங்கினோம். காலையில் வாசலில் நின்று அவர்கள் கொடுத்த வெந்நீர் டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு கார் வந்து நின்றது. அதிலிருந்து என் அண்ணன் இறங்கினார், கூடவே அவர் மகளும். என் மகன் அவளைப் பார்த்தான், அவள் இவனைப் பார்த்தாள், இரண்டும் ஒன்றாகத் தரையைப் பார்த்தன. அப்போதுதான் எனக்கு விளங்கியது. இரண்டும் கூடிப் பேசி ஏற்பாடு செய்திருக்கின்றன.

அண்ணனை 'அவர்' என்று எழுதுவது மரியாதையால் இல்லை, பழக்கத்தால். அவருக்கும் எனக்கும் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. அவர் பேத்தியின் காதுகுத்துக் கறிச்சோற்றில் என்னை முதல் பந்தியில் உட்காரச் சொல்லவில்லை. சொந்தத் தம்பி நான் நிற்கிறேன், எங்கிருந்தோ வந்த பாளையம்பட்டிச் சம்பந்தகாரர்கள் வரிசையாக உட்கார்ந்து நல்லியெலும்பை உறிஞ்சுகிறார்கள். அடுத்த பந்திக்கு நான் இருக்கவில்லை, வந்துவிட்டேன். கூப்பிட ஆள் அனுப்புவார் என்று பார்த்தேன். அனுப்பவில்லை. சொல்லாமல் போனவன் தானே வரட்டும் என்று அவர் இருந்தார். அவ்வளவுதான் சண்டை. இதைவிடச் சின்னக் காரியத்துக்கெல்லாம் எங்கள் ஊரில் தலைமுறை தலைமுறையாகப் பேசாமல் இருக்கிறார்கள்.

பேச்சு இல்லை என்றால் சேதி போகாது என்று அர்த்தமில்லை. அதற்கு எங்களிடம் ஒரு முறை இருக்கிறது. இரண்டு பேரும் ஒரே டீக்கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். அண்ணன் டீ மாஸ்டரைப் பார்த்து, "பருத்தி லோடு ஏத்த நாளைக்கு லாரி வருது. தெரிய வேண்டியவுகளுக்குச் சொல்லிருங்க" என்பார். டீ மாஸ்டர் என் பக்கம் திரும்பி, "லாரி நாளைக்கு வருதாம்" என்பார். அப்போதுதான் எனக்கு அது தெரியும். அண்ணன் சொன்னது காதில் விழுந்திருந்தாலும் விழாத மாதிரிதான். மூன்றாவது ஆள் எடுத்துச் சொல்கிற வரைக்கும் எனக்கு எதுவும் தெரியாது. ஒருநாள் டீ மாஸ்டர் சொல்ல மறந்துவிட்டார். லாரி வந்து போய்விட்டது, என் பருத்தி வீட்டில் கிடந்தது. நான் வருத்தப்படவில்லை. முறை என்றால் முறை.

ஆனால் ஒரு காரியத்துக்கு இந்த முறை உதவாது. அண்ணனுக்கு ஒரே பெண், பையன் இல்லை. எங்கள் பங்காளிக் கட்டுப்படி அவருக்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் நான். போன வருஷம் அவருக்கு நெஞ்சுவலி வந்து மதுரையில் ரத்தக் குழாயில் ஸ்பிரிங்கு வைத்து அனுப்பினார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. திரும்பி வந்தவர் டீக்கடையில் உட்கார்ந்து, "நான் செத்தா எம் மகளே கொள்ளி வைப்பா. கண்ட பயலும் எம் பொணத்தத் தொடக் கூடாது, சொல்லிட்டேன்" என்றார். டீ மாஸ்டர் பாவம், என் பக்கம் திரும்பவும் முடியாமல் திரும்பாமல் இருக்கவும் முடியாமல் டம்ளரைக் கழுவினார். நானே அவரிடம், "அன்னைக்கு எனக்கு அருப்புக்கோட்டையில சோலி இருக்கும்னு சொல்லுங்க" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அன்றிலிருந்து சரியாகத் தூங்கவில்லை. அவர் வீட்டுப் பக்கம் ஒரு சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துகொள்வேன்.

அந்த மனிதர்தான் இப்போது அரைக்கால் டவுசரும் தலையில் தொப்பியுமாக ஜீப் கொண்டுபோய் விட்ட மலை உச்சியில் என் முன்னால் நின்றார். தொப்பி என்றால் ஹெல்மெட். பாதி உடைத்த தேங்காய் மூடியைக் கவிழ்த்த மாதிரி இருந்தது. எனக்கும் ஒன்று மாட்டினார்கள். ஊர்க்காரன் எவனும் பார்க்கவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். திரும்பிப் போயிருப்பேன். ஆனால் முதலில் கிளம்புகிறவன் தோற்றவன். அவரும் அதையேதான் நினைத்துக்கொண்டு நின்றார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"டாக்டர்ட்ட கேட்டுட்டோம் சித்தப்பா. அப்பாவுக்கு ஏத்தந்தான் ஆகாதாம், எறக்கம் ஒண்ணும் செய்யாதாம்" என்றாள் அண்ணன் மகள். நான் எதுவும் கேட்காமலே சொன்னாள். பிறகு இரண்டு பிள்ளைகளும் ஜீப்பில் ஏறி, கீழே அருவியில் சாப்பாட்டோடு காத்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது நாங்கள் இருவரும் அந்த வழிகாட்டியும்.

வழிகாட்டிக்கு முப்பது வயதிருக்கும். எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன். எங்களை 'அங்கிள்' என்றான். சைக்கிள் என்றால் என்ன, சீட்டு என்றால் என்ன, பிரேக் எங்கே இருக்கிறது என்று வகுப்பு எடுத்தான். மிதிக்கவே தேவையில்லை, உட்கார்ந்தால் போதும் என்றான். உட்கார்ந்தால் போதும் என்றால் நான் வீட்டுக் கட்டிலிலேயே உட்கார்ந்திருப்பேனே. கடைசியாக ஒரு விதி சொன்னான். "நான் முன்னாடி போவேன். ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா வரணும். பள்ளம், கல்லு, தண்ணி எது இருந்தாலும் முன்னாடி போறவங்க பின்னாடி வர்றவங்களுக்கு சத்தமா சொல்லணும். அதுதான் ரொம்ப முக்கியம் அங்கிள்."

அண்ணன் யோசித்தார். "தம்பி, நான் உங்கள்ட்ட சொல்லுறேன். நீங்க அவன்ட்ட சொல்லிருங்க" என்றார்.

எனக்குக் காது கேட்காது என்று அந்தப் பையன் முடிவு கட்டிவிட்டான். அதற்குப் பிறகு என்னிடம் பேசும்போதெல்லாம் மலையே அதிரக் கத்தினான்.

இறங்கினோம். பையன், அவனுக்குப் பின்னால் அண்ணன், கடைசியில் நான். முதலில் தேயிலை. எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்கு வெட்டி வைத்திருக்கிறார்கள், பார்க்க என்ன இருக்கிறது? பையன் நிறுத்தி நிறுத்தி "வியூ" காட்டினான். பனிமூட்டத்தில் வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அதையும் போட்டோ எடுத்துத் தரட்டுமா என்று கேட்டான். ஒவ்வொரு இடத்திலும் அண்ணன் ஒரு பக்கம் நின்றார், நான் மறுபக்கம் நின்றேன். இரண்டு பேரையும் சேர்த்து எடுக்க முடியாமல் அவன் பின்னால் நகர்ந்து நகர்ந்து ஓடையில் காலை வைத்துவிட்டான்.

தேயிலை முடிந்து காடு வந்தது. இதற்குத்தான் இவ்வளவு ஆரவாரம். மரத்தின் மேல் மரம், அதன் மேல் கொடி, கொடியின் மேல் பாசி. வெயிலே படாத மண்ணில் அட்டையைத் தவிர என்ன விளையும்? ரோட்டுக்குக் குறுக்கே தண்ணீர் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கேட்பார் இல்லை, தேக்குவார் இல்லை. இதில் பாதி எங்கள் கண்மாய்க்கு வந்தால் இரண்டு போகம் எடுப்போம். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது. இயற்கை அழகு என்று இதைச் சொல்கிறவன் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்றிருக்க மாட்டான்.

ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் காட்டைப் பார்த்தது கொஞ்சம்தான். முன்னால் போகிற முதுகைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். மெலிந்துவிட்டார். சட்டை தோளில் நிற்காமல் காற்றில் அடித்தது. வளைவு வரும்போதெல்லாம் இந்த ஆளுக்கு ஏதாவது ஆனால் என்ன செய்வது என்று எட்டி எட்டிப் பார்த்தேன். எட்டிப் பார்க்கிறேனே என்று எரிச்சலாகவும் இருந்தது.

ஒரு செங்குத்தான இறக்கம். பையன் வளைவைத் தாண்டி மறைந்துவிட்டான். அண்ணனின் சைக்கிள் ஓர் ஆட்டம் ஆடிச் சமாளித்து நேரானது. அவர் போய்க்கொண்டே கத்தினார்.

"தம்பீ! சருகுக்கு அடியில பாசியாக் கெடக்கு, வழுக்குது! பின்னாடி வாரவன மெதுவா வரச் சொல்லுங்க!"

எனக்கு நன்றாகவே கேட்டது. ஒரு சொல் தப்பாமல் கேட்டது. ஆனால் என்னிடம் சொல்லவில்லையே. சொல்ல வேண்டிய பையன் வளைவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டான். இப்போது நான் பிரேக்கைப் பிடித்தால், அண்ணன் பேச்சைக் கேட்டுப் பிடித்தவன் ஆவேன். இத்தனை வருஷம் காத்த முறையை ஒரு பாசிக்காக விடுவதா? பையனின் குரல் வரட்டும் என்று காத்திருந்தேன். சைக்கிள் காத்திருக்கவில்லை.

விழுந்தது தெரியாது. கண்ணைத் திறந்தபோது சருகில் மல்லாந்து கிடந்தேன். கை என்னுடையது மாதிரி இல்லை. கீழே வளைவிலிருந்து பையன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். அவனுக்கு முந்தியே அண்ணன் வந்துவிட்டார். சைக்கிளைப் போட்டுவிட்டு, அந்த ஏற்றத்தில் ஓடி வந்திருந்தார். என் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். வைத்துக்கொண்டு பையனைப் பார்த்து, "எங்க வலிக்குதுன்னு கேளுங்க தம்பி" என்றார்.

"எங்க வலிக்குது அங்கிள்?" என்று பையன் கத்தினான்.

"எங்கயும் வலிக்கலன்னு சொல்லுங்க" என்றேன்.

"நான் கத்துனது காதுல விழுந்துச்சா இல்லையான்னு கேளுங்க."

"எங்கிட்ட யாரும் எதுவும் சொல்லலன்னு சொல்லுங்க."

பையன் இவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். எனக்குக் காது கேட்கும் என்பது அவனுக்கு அப்போதுதான் விளங்கியது. முகம் சிவந்துவிட்டது. "எத்தனையோ பேரக் கூட்டிட்டு வந்திருக்கேன். இந்த மாதிரி ரெண்டு பேரப் பாத்ததில்ல. இங்க போனும் எடுக்காது. நான் கீழ போய் ஜீப்பக் கொண்டு வர்றேன். அது வரைக்கும் நீங்களே பேசுங்க, இல்ல செத்துத் தொலைங்க" என்று சொல்லிவிட்டு ஏறி மிதித்துப் போய்விட்டான். கட்டணம் வாங்கிக்கொண்டு பேசுகிற பேச்சா இது என்று தோன்றியது. ஆனால் அதைச் சொல்லவும் அங்கே ஆள் இல்லை.

மூன்றாவது ஆள் இல்லாமல் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தது அந்தச் சண்டைக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. இலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம். அதோடு இன்னொரு சத்தம், அவர் மூச்சு. நிமிர்ந்து பார்த்தேன். உதடு வெளுத்து, நெற்றியெல்லாம் வேர்த்து, ஒரு கையால் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார். ஏற்றம் ஆகாது என்று சொன்ன நெஞ்சு.

எனக்கு உயிரே போய்விட்டது. முறையும் இல்லை, பந்தியும் இல்லை. பயம், வெறும் பயம்.

"அண்ணே! மாத்திர எங்கண்ணே?"

அவர் சட்டைப் பையைக் கண்ணால் காட்டினார். இடது கையால் துழாவி எடுத்தேன். மாத்திரை அட்டையைப் பல்லால் கடித்துக் கிழித்து, ஒன்றை அவர் நாக்குக்கு அடியில் வைத்தேன். பிறகு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மூச்சு மெல்ல மெல்ல நிதானத்துக்கு வந்தது. உதட்டில் நிறம் திரும்பியது.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அதே பழைய பார்வை, கொஞ்சமும் மதிக்காத பார்வை.

"எந்தக் கைலே முறிஞ்சிருக்கு?"

"வலது கைண்ணே."

தொங்கிக் கிடந்த அந்தக் கையைத் தொட்டுப் பார்த்தார்.

"சரி. கொள்ளி வைக்கிற கை. அது கூடுற வரைக்கும் நான் சாகாம இருக்கேன். அதுக்கு மேல உன் பாடு."