பக்கெட் என்று தேடினேன்

போன வாரம் குத்தம்பாக்கத்தில் ஒரு கல்யாணம். மனைவி வழியில் தூரத்துச் சொந்தம். போகாவிட்டால் பேச்சு வரும், போனால் பந்தியில் இடம் கிடைக்காது. சாப்பிடுகிறவர் எப்போது எழுவார் என்று அவர் நாற்காலிக்குப் பின்னால் வெட்கமில்லாமல் நின்றுகொண்டிருந்தேன். அப்போதுதான் அந்த வாடை வந்தது. உங்களுக்கும் தெரிந்திருக்கும்: எச்சில் இலை, ரசம், மோர், அதன் மேல் தெளித்த பினாயில். மற்றவர்களுக்குக் குமட்டும். எனக்கு அது அம்மா வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைகிற வாடை. கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் நின்றிருந்த பெரியவர், "இன்னாபா, அவ்ளோ பசியா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். வேறு என்ன சொல்ல?

அம்மா கல்யாண மண்டபங்களில் இலை எடுத்தாள். பூந்தமல்லி, திருமழிசை, ஆவடி என்று எங்கே கூப்பிட்டாலும் மேனாம்பேட்டிலிருந்து ஷேர் ஆட்டோ மாறி மாறிப் போவாள். இலை எடுப்பது, டேபிள் துடைப்பது, அண்டா கழுவுவது எல்லாம் அவள் வேலை. அவள் பெற்ற பிள்ளை நான், கரையான்சாவடியில் ஒரு பாத்திரக்கடை மாடியில், ஏசியில் உட்கார்ந்து, அதே கல்யாணங்களின் வீடியோவை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒரே கல்யாணத்தில் தாய்க்கும் வேலை, பிள்ளைக்கும் வேலை. பத்திரிகை மட்டும் இரண்டு பேருக்கும் வராது.

எங்கள் எடிட்டிங் கடையில் ஓனர், நாலு கம்ப்யூட்டர், நாங்கள் நாலு பேர். என் பக்கத்து நாற்காலி கன்னியப்பனுடையது. அவன் என்னைவிட மூத்தவன், ஆனாலும் என்னை அண்ணாத்தே என்றுதான் கூப்பிடுவான். ஏன்டா என்று கேட்டால், "உனுக்குத்தான் மூஞ்சி முத்திப்போச்சி" என்பான். ஆரம்பத்தில் எந்தக் கல்யாணம் எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்று ஒருவனுக்கும் தெரியாது. "டேய், திருமழிசை ரிசப்ஷன் எவன்கிட்ட கீது?" என்று கத்துவதிலேயே பாதிப் பொழுது போய்விடும். ஒருமுறை தேடித் தேடி ஓய்ந்த பிறகு, டிஸ்க் கன்னியப்பனின் சாப்பாட்டுப் பையில், எலுமிச்சை சாதத்துக்கு அடியில் கிடைத்தது. அந்தக் கல்யாணப் பெண் கடைசிவரை லேசாக மஞ்சளாகத்தான் தெரிந்தாள், அதற்கு இது காரணமில்லை என்று கன்னியப்பன் சத்தியம் செய்தான்.

அதில்தான் ஓனர் வெறுத்துப்போனார். மூலையில் ஒரு பெரிய பெட்டியை வாங்கி வைத்து, அதிலிருந்து நாலு கம்ப்யூட்டருக்கும் வயர் இழுத்தார். எடுத்த படமெல்லாம் இனி பெட்டிக்குள் இருக்கும், யார் எங்கே உட்கார்ந்தாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு துண்டுப் படத்துக்கும் பெயர் போட்டாக வேண்டும். யார் இருக்கிறார்கள், என்ன நடக்கிறது. 'பொண்ணு அம்மா', 'தாய்மாமன்', 'மெட்டி', 'சித்தப்பா டான்ஸ்'. அப்புறம் பெயரைத் தட்டினால் போதும், துண்டு வந்து நிற்கும். பெரிய வசதிதான். ஆனால் 'பொண்ணு அழுகை' என்று தட்டினால் பெட்டியில் இருக்கிற எல்லாப் பெண்களும் சேர்ந்து அழுவார்கள். அரக்குப் புடவை, தலை நிறையப் பூ, குனிந்த முகம், இதில் யார் எவள் என்று எப்படித் தெரியும்? ஆவடிக்காரர்கள் வீடியோவில் நான் அயப்பாக்கத்துப் பெண்ணின் அழுகையைச் சேர்த்துவிட்டேன். ஆவடிப் பெண்ணின் அப்பா படியேறி வந்து, "எங்க பொண்ணு சிரிச்சிகினுதான் கார்ல ஏறுச்சி. இது எவ ஊட்டு அழுகை?" என்று கேட்டார். கன்னியப்பன் மேஜைக்கு அடியில் குனிந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான்.

பெட்டிக்குப் போகிற மெயின் வயர் அவன் காலடியில்தான் கிடந்தது. அவனுக்குக் கால் ஆட்டாமல் வேலை ஓடாது. உதை பட்டு வயர் கழன்றதும் திரை முழுக்கச் சிவப்பாகிவிடும். படத்தின் பெயர் தெரிகிறது, படம் கைக்கு எட்டவில்லை என்று கம்ப்யூட்டர் சொல்கிற விதம் அது. "செவப்பு! செவப்பு!" என்று எல்லோரும் அலறுவோம். அவன் குனிந்து வயரைச் சொருகுவான். மணப்பெண் விட்ட இடத்திலிருந்து சிரிக்கத் தொடங்குவாள்.

இன்னொரு பெயரும் உண்டு. அதைச் சொல்ல வேண்டும். இலை எடுக்கிற பெண்கள், கேமரா லைட் தங்கள் பக்கம் திரும்பினால் தூணுக்குப் பின்னால் போய்விடுவார்கள். கல்யாணப் படத்தில் எச்சில் பக்கெட் விழக்கூடாது. இதை யாரும் அவர்களுக்குச் சொல்லித்தருவதில்லை, வந்த அன்றே தெரிந்துகொள்வார்கள். சில நேரம் நகர்வதற்குள் லைட் வந்துவிடும். "ஆயா, ஓரம் போ" என்று கேமராக்காரன் குரல் கேட்கும். அந்தத் துண்டுக்கெல்லாம் 'பக்கெட்' என்று பெயர் போட வேண்டும், மறந்தும் வீடியோவில் சேர்த்துவிடக்கூடாது என்பது ஓனர் உத்தரவு. பெயரிலேயே பாருங்கள், தூக்கியவளுக்கு இடமில்லை, பக்கெட்டுக்கு இருக்கிறது.

பெயர் போடுவதில் மேடைப் பக்கம் முழுக்க என் பங்கு, பந்திப் பக்கம் கன்னியப்பன் பங்கு. எப்போதாவது அவன், "அண்ணாத்தே, உங்கம்மா பாரு" என்று முழங்கையால் இடிப்பான். எட்டிப் பார்ப்பேன். அம்மா ஒரு கையில் இலையோடு யாரிடமோ வாயாடிக்கொண்டிருப்பாள். சரி சரி என்று திரும்பிக்கொள்வேன். தினம் வீட்டில் பார்க்கிற அம்மாதானே.

பிறகு கல்யாணக்காரர்களுக்கு மூன்று மணி நேர வீடியோ அலுத்துவிட்டது. போனில் ஓடுகிற அளவுக்குக் கேட்டார்கள், அதை அவர்கள் வீட்டுப் பிள்ளைகளே செய்துகொண்டார்கள். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கிடங்குக்கு வேலைக்குப் போனேன். கன்னியப்பன் ஆவடியில் ஒரு போன் கடையில் நின்றான். அம்மா மட்டும் இலை எடுத்துக்கொண்டே இருந்தாள். போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தாள். எழவில்லை.

மாலை போட ஒரு படம் வேண்டுமே. ஆதார் அட்டையில் இருந்ததைத்தான் பெரிதாக்கினோம். அதில் அவள் ஏதோ தப்பு செய்து மாட்டிக்கொண்டவள் மாதிரி விழிக்கிறாள். என் கல்யாணம் ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்தோடு முடிந்தது, வீடியோ கிடையாது. அவளைப் படம் எடுத்து வைத்திருந்த போன், வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தபோது போயிற்று. எடிட்டிங் கடையில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவன் வீட்டில் அம்மா நடமாடுகிற ஒரு துண்டுப் படம் இல்லை, கேட்டால் சிரிப்பீர்கள். முகமாவது இருக்கிறது. குரல்தான் போய்விட்டது. காதுக்குள் எவ்வளவு தேடினாலும் வரவில்லை. மனைவி போனில் 'குடை' என்று தட்டினால் குடை இருக்கிற போட்டோவெல்லாம் வருவதைப் பார்த்து, ஒருநாள் நானும் 'அம்மா' என்று தட்டினேன். என் மனைவி குழந்தையோடு நிற்கிற படங்கள் வந்தன. தப்பு ஒன்றும் இல்லைதான். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

காரியம் முடிந்து கொஞ்ச நாளில் ஓனர் கூப்பிட்டார். கடையை மூடுகிறாராம், கம்ப்யூட்டரை எல்லாம் விற்கப்போகிறாராம். "உனக்கு இன்னா வோணுமோ வந்து எடுத்துக்கோபா" என்றார். எனக்கு என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. கிடங்குக்கு லீவு சொல்லிவிட்டு ஓடினேன். மற்ற மூன்று கம்ப்யூட்டரையும் துணி போட்டு மூடியிருந்தார்கள். கன்னியப்பனுடையதும் மூலைப் பெட்டியும் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. அவன் நாற்காலியில் உட்கார்ந்து 'பக்கெட்' என்று தட்டினேன். பெற்ற தாயை இப்படித் தேட வேண்டியிருக்கிறதே என்று விரல் கூசியது. திரை கொள்ளாமல் பெயர்கள் வந்தன. ஆனால் எதிலும் ஆளின் பெயர் இல்லை. இதில் அம்மா எது?

கன்னியப்பனுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"அதுல தேடாத அண்ணாத்தே. உங்கம்மா வந்தா நான் பக்கெட்னு போட்டதே இல்ல."

"பின்ன இன்னான்னு போட்ட?"

"அம்மான்னுதான். எனுக்கும் அம்மாதானே? உங்க ஊட்ல எனுக்கும் சோறு போட்டுகீது இல்ல?"

"எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

"நீ எங்க கேட்ட?"

'அம்மா' என்று தட்டினேன். 'பொண்ணு அம்மா', 'மாப்ள அம்மா' எல்லாம் ஓடி முடிந்த பிறகு, கன்னியப்பன் போட்ட பெயர்கள் வந்தன. 'அம்மா இலை எடுக்குது'. 'அம்மா சமையல்காரன திட்டுது'. 'அம்மா மொய்க்காரர் கிட்ட வெத்தல கேக்குது'. 'அம்மா சிரிக்குது'. 'அம்மா சிரிக்குது, இன்னொண்ணு'. 'அம்மா கடேசி பந்தில சாப்புடுது'. 'அம்மா பாடுது'. பாடுவாளா? எனக்குத் தெரியவே தெரியாதே! 'அம்மா பாடுது' என்பதைத் திறந்தேன்.

சிவப்பு.

அடுத்ததைத் திறந்தேன். சிவப்பு. சிரிக்கிறதும் சிவப்பு, திட்டுகிறதும் சிவப்பு. ஓனர் பின்னால் வந்து நின்று பார்த்தார். "அதெல்லாம் எப்பவோ அழிச்சாச்சிபா. எடம் பத்தல. வீடியோல சேந்தது மட்டும் வெச்சிகினு, சேராதத எல்லாம் தூக்கிட்டேன். பேரு மட்டும் அப்டியே நின்னுகினு கீது" என்றார். அவர் மேல் கோபப்பட முடியவில்லை. எச்சில் பக்கெட்டை யாராவது பத்திரப்படுத்துவார்களா? "முடிஞ்சதும் ஆஃப் பண்ணிடு, வாங்குறவன் வந்துகினு கீறான்" என்று சொல்லிவிட்டு மாடியிறங்கிப் போனார்.

நான் பெயர்களைப் படித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் ஒன்று இருந்தது: 'அம்மா தூணுக்குப் பின்னால போகாம கேமராவப் பாக்குது'. அதைத் திறந்து வைத்தேன். எல்லாம் தெரிந்தும், ஓனர் சொன்னதைக் காதால் கேட்டும், கீழே குனிந்து, முன்பு கன்னியப்பன் காலடியில் கிடந்த அந்த வயரைத் தேடிப் பிடித்தேன். இறுக்கமாகத்தான் இருந்தது. கழற்றி, ஊதி, மறுபடி சொருகினேன். மேஜைக்கு அடியிலேயே கொஞ்ச நேரம் இருந்தேன். பிறகு எழுந்து பார்த்தேன். சிவப்பாகத்தான் இருந்தது.