ஒரு சாண் வெள்ளிக் கம்பி

எனக்குப் பத்து வயதான வருடம் என் காதுகள் இரண்டும் புண்ணாகிப் போயின. பெல்மதுளைச் சந்தையில் அம்மாவை நச்சரித்து வாங்கிய ஒரு சோடித் தோடுதான் காரணம். பொன்னிறத்தில் பட்டாம்பூச்சி தொங்கும். மூன்றாம் நாள் அரிப்பு, ஐந்தாம் நாள் சீழ். அம்மா அவற்றைக் கழற்றி எறிந்துவிட்டு, துளை தூர்ந்துவிடாமல் இருக்க இரண்டு காதிலும் வேப்பங்குச்சியைச் செருகினாள். பள்ளிக்கூடத்தில் எனக்குக் ‘குச்சிக் காது’ என்று பெயர் வந்தது.

அம்மாவின் தங்கை அப்போது எங்களோடு தேயிலைத் தோட்டத்து லய வீட்டில்தான் இருந்தாள். தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. குழந்தைகள் தூங்கும் நேரத்தில், கம்பி வளைத்து நகை செய்யும் வீடியோக்களாகப் போனில் பார்த்துத் தள்ளுவாள். சித்தியின் காதில் மட்டும் ஒன்றும் இருக்காது. கேட்டால், குழந்தைகள் பிடித்து இழுக்கும் என்பாள்.

அவள் என் காதைத் திருப்பிப் பார்த்தாள்.

“எனக்கும் சின்ன வயசுல இப்படித்தான். மட்டமான கம்பி பட்டா பொங்கிரும். நல்ல வெள்ளியா வாங்கி நானே செஞ்சு தர்றேன், இரு.”

“ஒனக்கும் ஒரு சோடி செஞ்சுக்க,” என்றாள் அம்மா. “வர்ற ஞாயித்துக்கெழம அவங்க வாறப்ப வெறுங்காதோட உக்காந்துறாத.” சித்தியைப் பெண் பார்க்க கொடகவெலயிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது.

முதலில் பெல்மதுளை ஹார்ட்வெயார் கடைக்குப் போனோம். சித்தி சிங்களத்தில் சரளமாகப் பேசி, இருந்த குறடுகளையெல்லாம் எடுத்துப் போட வைத்தாள். ஒவ்வொன்றின் வாயையும் திறந்து உள்ளே விரலால் தடவினாள். “எல்லாம் பல்லு வச்சது. ஆணி புடுங்கத்தான் சரி. வெள்ளியக் கடிச்சு வச்சிரும்,” என்று என்னிடம் தமிழில் சொல்லிவிட்டு, கடைக்காரரைப் பார்த்துச் சிரித்தபடியே நழுவினாள்.

பிறகு பஸ் ஏறி இரத்தினபுரி போனோம். நகைப் பட்டறைக்காரர்களுக்குச் சாமான் விற்கும் ஒரு சின்னக் கடை. தொப்பி போட்ட முஸ்லிம் நானா ஒருவர் நடத்தினார். அங்கேதான் வழவழப்பான வாயும் ஊசிபோல் ஒடுங்கிய வட்ட மூக்கும் கொண்ட குறடு கிடைத்தது. சித்தி அதைத் திறந்து திறந்து மூடினாள். சத்தமே வரவில்லை. குழந்தையை வாங்குவதுபோல இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டாள்.

நான் பளபளவென்று இருந்த ஒரு கம்பிச் சுருளைக் காட்டினேன். “ஜெர்மன் சில்வர்” என்று எழுதியிருந்தது.

“அது பேருலதான் சில்வர், மகள். உள்ளுக்கு ஒரு சொட்டு வெள்ளி இல்ல. இந்தக் காதுக்கு அது வாணாம்,” என்றார் நானா. என் வேப்பங்குச்சிகளை அவர் முதலிலேயே பார்த்திருந்தார்.

சித்தி தடிப்புப் பார்த்து, லேசாக வளைத்துப் பார்த்து, நல்ல வெள்ளியில் ஒரு சாண் கம்பி எடுத்தாள். இரண்டு சோடி வளையத்துக்குக் கணக்காக இருக்கும், அதற்கு மேல் கையில் வசதி இல்லை. கை பழகுவதற்கு ஒரு சுருள் செம்புக் கம்பி, முனை தேய்க்க ஒரு துண்டு உப்புத்தாள்.

மூன்று நாள் செம்பிலேயே பழகினாள். முதல் வளையம் கோழிக்கால் மாதிரி இருந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வட்டமானது. “வெள்ளியத் தொடாத. வளைச்சு நிமித்தி வளைச்சா வெறைச்சுப் போயிரும்,” என்று எச்சரித்திருந்தாள். எனக்கோ பொறுமை இல்லை.

புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வீட்டில் யாரும் இல்லை. ஃபெக்டரியில் வேலை பார்த்த அப்பாவின் பெட்டியிலிருந்து பெரிய குறட்டை எடுத்தேன். வெள்ளிக் கம்பியை வளைத்தேன். வட்டம் கோணியது. நிமிர்த்தினேன். மறுபடி வளைத்தேன். நாலாவது தரம் ‘டிக்’ என்று ஒடிந்தது. பயத்தில் மற்ற துண்டையும் சரிசெய்யப் போக, அதுவும் ஒடிந்தது. கம்பியில் பல இடங்களில் பல் தடம்.

சித்தி வந்து பார்த்தாள். ஒவ்வொரு துண்டாக வெளிச்சத்தில் பிடித்து உருட்டினாள். அம்மா உள்ளே நுழைந்து, “என்னடி இது?” என்றதும் சித்தி சட்டென்று சொன்னாள்: “அளவு தப்பி வெட்டிட்டேன், அக்கா. அவசரக் கை.”

அம்மா அரை மணி நேரம் அவளைத் திட்டினாள். நான் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

காயமில்லாமல் தேறியது இரண்டு துண்டு. அதில் எனக்கு ஒரு சோடி வளையம் செய்தாள், முனைகளை உப்புத்தாளில் தேய்த்துத் தன் உதட்டில் வைத்துச் சோதித்துவிட்டு. குச்சியை எடுத்து மாட்டியபோது காது கடிக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சித்திக்குப் பக்கத்துக் காம்பராவிலிருந்து ஒரு சோடி பொன்னிற ஜிமிக்கி இரவல் வந்தது. ஜிமிக்கியோடு டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு அவள் உட்கார்ந்தாள். வடைத் தட்டு காலியாவதற்குள் அவளுடைய காது மடல் இரண்டும் செக்கச் சிவந்துவிட்டன.

மாப்பிள்ளையின் அம்மா கையைத் தட்டிச் சிரித்தார். “அடடா, வெக்கத்துல புள்ளைக்குக் காதுகூட செவந்து போச்சே!”

எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் அதிகமாகச் சிரித்தேன். சித்தியும் தலையைக் குனிந்து சிரித்தாள். சம்பந்தம் அன்றைக்கே முடிவாயிற்று. இன்றைக்கும் கொடகவெலயில் அந்த வீட்டுக்குப் போனால், இப்படி வெட்கப்படுகிற மருமகள் யாருக்குக் கிடைப்பாள் என்று அந்தம்மா சொல்லாமல் விடமாட்டார். சித்தி அப்போதெல்லாம் என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்ப்பாள்.

அன்று அவர்கள் போனதும் சித்தி தண்ணீர் கொட்டும் பீலியடிக்கு ஓடினாள். ஜிமிக்கியைக் கழற்றிவிட்டு, தண்ணீரை அள்ளி அள்ளிக் காதில் ஊற்றிக்கொண்டே இருந்தாள். நான் என் புது வளையங்களை ஆட்டிக்கொண்டு பக்கத்தில் போய் நின்றேன்.

“சித்தி, எப்புடி அவ்வளவு வெக்கப்பட்டீங்க? எனக்கும் சொல்லிக் குடுங்க.”

ஈரக் கையால் என் கன்னத்தைக் கிள்ளினாள். “போடி.”

இருட்டும் வரை கண்ணாடி முன்னால் நின்று, தலையைக் குனிந்து குனிந்து வெட்கப்பட்டுப் பார்த்தேன். என் காது சிவக்கவே இல்லை.