சாட்சி நின்ற கூண்டு

முறிவெண்ணெய் மணம். கம்பளை பஸ்ஸில் யாராவது கட்டுப்போட்ட கையோடு ஏறினால் போதும், யன்னலெல்லாம் திறந்து கிடந்தாலும், மழை உள்ளே அடித்தாலும், அந்த மணம் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். காய்ந்த வேரும் நல்லெண்ணெயும் ஏதோ கருகியதும் கலந்த மணம். எத்தனையோ தரம் இறங்க வேண்டிய இடத்துக்கு முன்னமே இறங்கியிருக்கிறேன். இந்த வயதிலும் இறங்குகிறேன். மிச்சத் தூரத்தை நடக்கிறேன். மணம் இறங்குவதில்லை.

அப்போது நான் கண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்தேன். கெலிஓயாவில் ஒரு முஸ்லிம் வியாபாரியின் கடைக்கு மேலே அறை. அதற்கு முன் வேறொரு அறை, அதற்கு முன் இன்னொன்று. கவிதை எழுதுகிறவனுக்கு ஒரே சுவரை அதிக நாள் பார்க்க முடியாது என்று சொல்லித் திரிந்தேன். உண்மை என்னவென்றால், எந்த அறையிலும் யாரும் என்னை விசாரிக்கத் தொடங்கும் முன் கிளம்பிவிடுவது எனக்குச் சுகமாக இருந்தது. அம்மா அப்போதும் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசைக் காம்பராக்களில் ஒன்றில் இருந்து, கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் சம்பளம் போய்விடும் என்று காய்ச்சலோடு மலை ஏறுகிறவள். பள்ளிக்கூடத்தில் எந்த ஊர் என்று கேட்டவர்களுக்கு நான் கண்டி டவுன் என்று சொல்லியிருந்தேன்.

ஒரு மாலை, கெலிஓயாவில் பஸ் நின்றது. நின்றது என்று சொல்ல முடியாது, மூச்சு வாங்கியது. எனக்கு முன்னால் ஒரு பெண், தோளில் பையோடு, ஒரு கால் மிதிபலகையில், மறுகால் இன்னும் தரையைத் தொடவில்லை. பின்னால் இன்னொரு பஸ் ஹோன் அடித்துக்கொண்டு வந்தது. சாரதி கண்ணாடியில் அதைப் பார்த்தான். அவளையும் பார்த்தான். பார்த்துவிட்டே எடுத்தான். அவள் விழுந்தபோது வந்த சத்தம் பெரிதாக இல்லை, காய்ந்த கொப்பை முழங்காலில் வைத்து முறிப்பதுபோல. வலது மணிக்கட்டு.

நான் குதித்து இறங்கினேன். முச்சக்கரவண்டியில் அவளை ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பொலிஸ்காரர் வந்தபோது, நான் பார்த்தேன், எல்லாவற்றையும் பார்த்தேன் என்று வாக்குமூலம் கொடுத்தேன். கூட்டத்தில் வேறு யாரும் வாய் திறக்கவில்லை. அன்று படுக்கும்போது என்னை எனக்கு நன்றாகப் பிடித்திருந்தது. அந்த முறிந்த கையைப் பற்றி ஒரு கவிதை எழுதினேன். ஞாயிறுப் பத்திரிகையில் வந்தது. இரண்டு பேர் கடிதம் போட்டார்கள்.

சில மாதம் கழித்து நீதிமன்ற அழைப்பாணை வந்தது. கடை வாசலில் நின்று கையெழுத்துப் போட்டு வாங்கினேன். பிறகு போகவில்லை.

காரணம் கேட்டால் அந்த நாட்களில் யாரும் ஒத்துக்கொள்ளும் காரணம் ஒன்று இருந்தது. யுத்த காலம், தமிழ் ஆள், பொலிஸ், கோடு கச்சேரி, எதற்கு வம்பு. அறையில் இருக்கிற தமிழ்ப் பெடியன்களின் பெயரையெல்லாம் பொலிஸில் பதிந்து வைத்திருந்த காலம்தான் அது. பயம் பொய்யில்லை. ஆனால் அந்தப் பயத்தை நான் குடைபோலப் பிடித்தேன். அதற்குக் கீழே நின்றது வேறு. ஒரு நாள் லீவு எடுக்கவேண்டும், பள்ளிக்கூட அதிபரிடம் காரணம் சொல்லவேண்டும், நாள் முழுவதும் கோட்டில் குந்தியிருக்கவேண்டும். சோம்பல். நான் இல்லாமலும் வழக்கு நடக்கும் என்று எண்ணிக்கொண்டேன். மாதக் கடைசியில் வழக்கம்போல அறையை மாற்றி அம்பிட்டியவுக்குப் போனேன். கடைக்காரரிடம் எங்கே என்று சொல்லவில்லை. கவிதை அவளுக்காகப் போனது, நான் போகவில்லை, அவ்வளவுதான் கதை.

ஏறத்தாழ ஒரு வருஷத்துக்குப் பிறகு கண்டி மார்க்கட்டில் அந்தக் கடைக்காரரைக் கண்டேன். கையில் பெரிய பார்சல். என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினார்.

"மாஸ்டர், நீங்க போன பொறகு பொலிஸால ரெண்டு மூணு தரம் வந்த. கடைசியா வந்தவர் வரெந்து ஈக்கி எண்டு சென்னார். ஆள் எங்க போனெண்டு எனக்கே தெரியா எண்டேன். அப்பிடி என்ன மாஸ்டர் களவெடுத்த?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனாலும் பார்சலை என் பக்கமிருந்த கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

வரெந்து. பிடியாணை. படிப்பிக்கிற சொல்லாக இருந்தபோது அதற்கு எடை இருக்கவில்லை. அதற்குப் பிறகு நான் நடந்த நடை எனக்கே வேடிக்கை. மழை இல்லாத நாளிலும் குடையைத் தாழ்த்திப் பிடித்தேன். மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் போக்குவரத்துப் பொலிஸ்காரரைக் கண்டால் எதிர்ப்பக்கம் கடந்தேன், அங்கே இன்னொருவர் நின்றால் புடைவைக் கடைக்குள் நுழைந்து சேலை விலை கேட்டேன். பெயர்ப்பட்டியல் கூப்பிடும்போது பிள்ளைகள் ஒவ்வொருவராக "ஆம் சேர்" என்று எழும்புவார்கள். கூப்பிட்டால் எழும்ப வேண்டும் என்று அவர்களுக்குப் பழக்கியவன் நான்.

உண்மையிலேயே பிடியாணை இருக்கிறதா என்று பொலிஸில் போய்க் கேட்கவும் பயம். கேட்டால் அங்கேயே இருத்திவிடுவார்கள். கூடப் படிப்பித்த ஒருவர் சட்டத்தரணி ஒருவரிடம் அனுப்பினார். நீதிமன்றத்துக்குப் போகும் வீதியில், ஒடுக்கமான படிக்கட்டின் மேலே அவருடைய அறை. யாழ்ப்பாணத்து அம்மா, வயது போனவர், கடலை கொறித்துக்கொண்டே கேட்டார். எந்தப் பொலிஸில் வாக்குமூலம், எந்த மாதம், எதிரியின் பெயர் என்ன, வழக்கு இலக்கம் என்ன.

இலக்கம் தெரியாது என்றேன்.

"உம்மட வழக்கெண்டால் இலக்கம் பாடமாயிருக்கும். இது மற்றாளின்ர வழக்குத்தானே," என்றார்.

தன் கிளாக்கரை நீதிமன்றப் பதிவகத்துக்கு அனுப்பினார். பொலிஸ் நிலையமும் சாரதியின் பெயரும் இருந்தால் இலக்கத்தை எடுக்கலாம், இலக்கம் இருந்தால் வழக்கேட்டைப் பார்க்கலாம், பிடியாணை பிறந்ததா, இன்னும் திறந்து கிடக்கிறதா என்று அதில் இருக்கும் என்றார். நான் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் கிளாக்கர் திரும்பி வந்து தலையை ஆட்டினார். இருந்தது. அழைப்பாணை கையெழுத்துப் போட்டு வாங்கியும் சாட்சி வரவில்லை என்று.

வருஷம் ஓடினால் தானாக அழிந்துபோகாதா என்று கேட்டேன். வெட்கமில்லாமல் கேட்டேன்.

"பிடியாணை பழுதாகாது, கருவாடு மாதிரி. நீர் செத்தால்தான் அது சாகும், இல்லாட்டி கோடு திருப்பி எடுக்கவேணும். நீராக் கோட்டுக்குப் போனால் ஒரு கதை, பிடிச்சுக்கொண்டு போனால் வேற கதை. வெள்ளிக்கிழமை பின்னேரம் மட்டும் அவங்களிட்டப் பிடிபடாதேயும், சனி ஞாயிறு உள்ளுக்க இருக்கவேண்டி வரும்."

வழக்கின் அடுத்த தவணை அடுத்த வாரமே இருந்தது. அன்றைக்கு வந்து சரணடையும்படி சொன்னார். தான் மனுப் போட்டுப் பிடியாணையைத் திருப்பி எடுக்கக் கேட்பார். நான் அடையாள அட்டையோடு நேரத்துக்கு வரவேண்டும், சேர்ட்டை உள்ளே விட வேண்டும், கையைக் கட்டவோ பொக்கற்றில் போடவோ கூடாது, கேட்டால் ஒழிய வாய் திறக்கக் கூடாது. "கவிதை ஒண்டும் சொல்ல வேண்டாம்," என்றும் சொன்னார். நான் எழுதுகிறவன் என்று எப்படித் தெரிந்தது என்று கேட்கவில்லை.

நீதிமன்ற விறாந்தையில் நனைந்த குடைகள், வெற்றிலை, மலிவான சவர்க்காரம். உட்காரும் வாங்கில் இடமில்லை. அப்போதுதான் அந்த மணம். முறிவெண்ணெய்.

"சேர்."

அவள்தான். கை கோணலாக மடியில் கிடந்தது, எண்ணெய் மினுங்கும் துணிச்சுற்றோடு. முகம் முழுக்கச் சிரிப்பு.

"வாங்க சேர், இப்பிடி ஒக்காருங்க. ஆளையே காணோமேன்னு இருந்தேன். ஒடம்புக்கு முடியலயோ?" என்று கேட்டுவிட்டு, பதில் வருமுன்னே பக்கத்தில் இருந்தவர்களை நெருக்கி இடம் பண்ணினாள். வாங்கு முழுவதற்கும் கேட்கச் சொன்னாள்: "இவருதாங்க எங்க சாட்சி."

எல்லோரும் திரும்பி என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். கசிப்பு, கள்ளச் சாராய வழக்குக்கு வந்திருந்த ஒரு பெரியவர், சாட்சி வந்துவிட்டால் அவளுக்குப் பாதிக் கேஸ் முடிந்த மாதிரி, தனக்கோ சாட்சி வராமல் இருந்தால்தான் கேஸ் முடியும் என்றார். வாங்கு சிரித்தது. நானும் சிரித்தேன்.

அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒரு தவணையும் விடாமல் வந்திருக்கிறாள். கை மடங்காததால் கொழுந்து பறிக்க ஆகாது, பிள்ளைக் காம்பராவில் தொட்டில் ஆட்டும் வேலை கொடுத்திருக்கிறார்கள். கோட்டுக்கு வருகிற நாளெல்லாம் சம்பளம் இல்லை. அவள் ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதித்ததாகச் சாரதி சொல்லியிருக்கிறான். கண்டவர் வராவிட்டால் அவன் சொல்வதற்கு எதிராக இவள் சொல் ஒன்றுதான், இந்த முறையும் சாட்சி இல்லையென்றால் வழக்கைத் தள்ளிவிடக்கூடும் என்று பொலிஸில் சொல்லியிருக்கிறார்கள்.

"நட்டஈடு கெடக்கட்டும் சேர். நான் குதிச்சேன்னு எழுதிட்டாங்கன்னா அப்புறம் அதுதானே நெசம். நான் குதிக்கல. நீங்க பாத்தீங்கதானே."

பார்த்தேன் என்றேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம், நான் எதற்காக வந்திருக்கிறேன் என்று. வாய் வரைக்கும் வந்தது. அவள் பையைத் திறந்து, இலையில் சுற்றிய ரொட்டியைப் பிட்டு, கட்டச் சம்பல் வைத்து, இடது கையால் நீட்டினாள். கோட்டில் எத்தனை மணியாகும் என்று தெரியாது, வெறும் வயிற்றோடு இருக்கக் கூடாது என்றாள். தின்றேன்.

வழக்கைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனோம். பிறகு என் பெயர், மூன்று தரம், பொலிஸ்காரரின் குரலில், கூரை வரைக்கும். சட்டத்தரணி கண்ணால் கூண்டைக் காட்டினார். நான் சாட்சிக் கூண்டைப் பார்த்தேன். அவர் தலையை அசைத்தார், அது இல்லை, மற்றது.

எதிரிக் கூண்டில் ஏறி நின்றேன். வழக்கின் எதிரியான சாரதி கீழே வாங்கில் இருந்தான், தன் முறை வரும்வரை, கால்மேல் கால் போடாத குறையாக. நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சின்னதாகச் சிரித்தான். தன் ஆள் ஒருவனைப் பார்த்துச் சிரிப்பதுபோல. அவன் கணக்குச் சரி. அந்த ஒரு வருஷமும் நான் யாருக்கு உதவினேன்?

அவள் பக்கம் பார்க்காமல் இருக்க முயன்றேன். பார்த்தேன். அவள் வாயைத் துணியால் பொத்தியிருந்தாள்.

சட்டத்தரணி எழும்பி, வதிவிடம் மாறியதில் ஏற்பட்ட தவறு என்றார். நீதவான் கோப்பைப் புரட்டி, அழைப்பாணையைக் கையெழுத்திட்டு வாங்கியிருக்கிறாரே என்று சிங்களத்தில் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில், வேண்டியதைவிட உரத்த குரலில் சொன்னார். எனக்குச் சிங்களம் தெரியும். இரண்டு மொழியிலும் ஒவ்வொரு முறை கேட்டேன். பிழை என்னுடையது என்றேன். என் தமிழ் அங்கே மிகவும் மெலிந்திருந்தது.

நீதவான் சத்தம் போடவில்லை. பிடியாணையைத் திருப்பி எடுத்தார், கடுமையாக எச்சரித்தார், சொந்தப் பிணையில் விட்டார். இன்னொரு தரம் வராவிட்டால் மறியல் சிறையில் வைத்துக் கொண்டுவரப்படுவேன் என்றார். முகவரி கேட்டார்கள். அம்பிட்டிய என்று சொன்னேன். அதோடு தீர்ந்தது. நான் பயந்து திரிந்ததற்கு அது மிகச் சின்ன நேரம். ஆனால் நான் கீழே இறங்கியதும் சாரதியின் சட்டத்தரணி எழும்பி, சாட்சி இன்றைக்குத்தான் கிடைத்திருக்கிறார், தயாராக அவகாசம் வேண்டும் என்று வேறு தவணை கேட்டார். கொடுத்தார்கள். அவளுடைய இன்னொரு நாளும் போனது, என் பெயரைச் சொல்லி.

பின்னர் நான் ஒரு தவணையும் தவறவில்லை. சரியான கூண்டில் ஏறிப் பார்த்ததைச் சொன்னேன். அவள் குதிக்கவில்லை என்று முடிந்தது. சாரதிக்குத் தண்டனையும் கிடைத்தது. இவற்றைச் சொல்லும்போது எனக்கு ஒரு ஆறுதலும் வருவதில்லை. என் நினைவு அன்றைய நாளைத் தாண்டிப் போவதில்லை, பஸ் நிலையத்துக்கு இறங்கும் வீதியில் நின்றுவிடுகிறது.

தூறல். குடையை அவளுக்குப் பிடித்தேன். அவள் மறுக்கவும் இல்லை, நெருங்கவும் இல்லை. மன்னிப்பு மாதிரி ஏதோ சொன்னேன், வசனம் முடியவில்லை. கம்பளை பஸ் உறுமிக்கொண்டு நின்றது. இடது கையால் கம்பியைப் பிடித்து, மிதிபலகையில் ஒரு காலை வைத்து, அவள் திரும்பினாள்.

"நீங்க கூண்டுல ஏறினதும் பயந்துட்டேன் சேர். ஒங்க மேலயும் பொய்க் கேசு போட்டுட்டாங்களோன்னு. அப்புறந்தான் வெளங்குச்சி."

நான் குடையை மடக்கினேன்.

"அடுத்த தவணைக்கி நானே வெள்ளன வந்து ஒங்களக் கூட்டிக்கிட்டுப் போறேன். வீடு எங்கேன்னு மட்டும் சொல்லுங்க."

கோபமே இல்லாமல் கேட்டாள், பிள்ளைக் காம்பராவில் பிள்ளையின் பெயர் கேட்கிற குரலில். அம்பிட்டிய என்று தொடங்கினேன். அந்த அறையும் எத்தனை நாளைக்கு என்று எனக்குத் தெரியாது.

"ஹந்தானை," என்றேன். "மேட்டு லயத்துல கடைசிக் காம்பரா. எங்கம்மா அங்கதான் இருக்காங்க. கொழுந்து எடுக்கப் போயிருந்தா யார்கிட்ட கேட்டாலும் காட்டுவாங்க. நான் எங்க இருந்தாலும் மொத நாளே அங்க வந்துருவேன்."

நடத்துநர் மணியை அடித்தார். அவள் இரண்டு காலையும் உள்ளே வைத்துவிட்டு என்னை மறுபடி, மெதுவாக, முதல் தரம் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"லயமா," என்றாள். "அப்ப ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே சேர், ஒரு நாளுன்னா என்னான்னு."