பழனிக்கு ஒரு பஸ், மதுரைக்கு ஒரு பஸ்

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. சின்னாளப்பட்டியில் என் கணவர் நெசவு செய்துவந்தார். அந்த வருடம் மூச்சிளைப்பு முற்றி, அவரால் தறியில் உட்கார முடியாமல் போனது. நான் பட்டம் படித்தவள். ஆனால் கையில் ஒரு வயது நிறையாத பிள்ளை. எழுதிப் போட்ட எந்த இடத்திலிருந்தும் பதில் இல்லை. "முருகா, ஒரு வழி காட்டு" என்பதைத் தவிர எனக்கு வேறு வேண்டத் தெரியவில்லை.

மதுரையில் ஒரு பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு ஆராய்ச்சி உதவியாளர்களும் பணியாளர்களும் தேவை என்று பேப்பரில் பார்த்து விண்ணப்பித்தேன். நேர்முகத் தேர்வுக்கு அழைத்தார்கள். மகனுக்குப் பழனியில் முதல் முடி இறக்கக் குறித்திருந்த அதே நாளில்.

என் மாமியாருக்கு முகம் சுருங்கிவிட்டது. "முருகன்ட்டயே தவணை கேப்பியாத்தா?"

"மொட்டைக்கு மாமன் மடி போதும்க்கா. நான் வச்சுக்கிறேன், நீ மதுரைக்குப் போ" என்றான் என் தம்பி.

"ஏப்பா, ஒம் மடியில பாலு சுரக்குமா?" என்றார் மாமியார்.

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று காலை ரோட்டின் அந்தப் பக்கம் பழனி பஸ்ஸுக்கு அவர்கள், இந்தப் பக்கம் மதுரை பஸ்ஸுக்கு நான். பிள்ளை என்னைப் பார்த்துக் கை நீட்டி அழுதான். பாதி ரோடு வரை போய்த் திரும்பினேன். 'நான் செய்வது தப்பென்றால் என் பஸ்ஸைக் கிளப்பாதே முருகா' என்று வேண்டி ஏறினேன். உடனே கிளம்பிவிட்டது. அது முருகன் பதிலா, டிரைவரின் அவசரமா என்று மதுரை வரை குழம்பினேன்.

மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் ஒரு பெண் மருத்துவர். முதல் கேள்விக்கு நான் வாய் திறந்தபோது, வெளியே வார்டில் ஏதோ ஒரு குழந்தை வீரிட்டது. எனக்குப் பால் சுரந்து ரவிக்கை நனைந்தது. ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டேன். எல்லாம் போயிற்று என்று நினைத்தேன்.

"கைக்குழந்தையா? யார்ட்ட விட்டுட்டு வந்தீங்க?" என்று கேட்டார் மருத்துவர்.

"பழனிக்குப் போயிருக்கான் டாக்டர். முடி இறக்க."

அவர் என் விண்ணப்பத்தை மூடி வைத்தார். "இந்த ஆராய்ச்சியே தாய்ப்பாலப் பத்தினதுதாம்மா. ஊர் ஊராப் போயி தாய்மாரக் கேக்கணும். காலையிலருந்து வந்தவங்க எல்லாம் அந்த வார்த்தையச் சொல்லவே கூசுறாங்க. நீங்க கேப்பீங்களா?"

"கேப்பேன் டாக்டர்."

"அப்ப பிள்ளையயும் தூக்கிட்டே வாங்க. ஒங்களப் பாத்தாத்தான் அவங்க பேசுவாங்க."

எந்தப் பிள்ளையால் வேலை கிடைக்காது என்று பயந்தேனோ, அவனாலேயே கிடைத்தது. வீடு திரும்பியபோது அவன் சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு தம்பி மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். மாமியார் திருநீற்றை என் நெற்றியில் பூசி, "பிள்ளையப் பசியாத்து, போ" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

அந்த வேலையின் சம்பளத்தில்தான் என் கணவருக்கு வைத்தியம் பார்த்தோம். மூச்சும் சீரானது. இன்றும் எந்தக் காரியத்துக்கும் என் மனம் ரோட்டின் நடுவில் நின்று தவிக்கும். அப்படியேதான் வேண்டுகிறேன். மனம் அடங்கட்டும் என்று நீங்களும் காத்திருக்காதீர்கள். தவிப்போடே கூப்பிடுங்கள், முருகன் வருவான்.