செலின் அக்காவின் பதினான்காம் பக்கம்

ஜூலை 8, செவ்வாய்க்கிழமை, காலை 10.20. காரைக்குடியில் என் அச்சகத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகை ஓடிக்கொண்டிருந்தது. மொத்தம் இரண்டாயிரம்; மெஷினின் எண்ணியில் 1,340. அப்போதுதான் எங்கள் பதிப்பாளர் கண்ணப்பன் சார் போன் செய்தார். "செலின் போயிருச்சுப்பா. நெஞ்சு வலின்னு சொல்லிருக்கு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சு போச்சு."

நான் மெஷினை நிறுத்தவில்லை. இரண்டாயிரமும் ஓடி முடிந்த பிறகுதான் பைக்கை எடுத்துக்கொண்டு தேவகோட்டைக்குப் போனேன். கையில் ஒரு வேலை இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவுதான்.

வாசகர்களான உங்களில் பலர் செலின் அக்காவை ஆசிரியை என்று நினைத்திருக்கிறீர்கள். இல்லை. தேவகோட்டையில் ஒரு பள்ளியின் அலுவலகத்தில் எழுத்தர். பிள்ளைகள்தான் அவரை டீச்சர் என்று கூப்பிடுவார்கள். மதிய இடைவேளையில் அவருடைய ஜன்னல் முன்னால் கூட்டம் நிற்கும். மாற்றுச் சான்றிதழுக்கு அல்ல, கதைக்கு. அவர் எழுதிய ஆறு சிறுவர் புத்தகங்களையும் வடிவமைத்து அச்சடித்தவன் நான்.

எங்கள் முதல் சண்டை டம்மியைப் பற்றியது. அச்சுக்கு முன்னால் மாதிரிக்காகப் பின் அடித்துச் செய்யும் புத்தகத்தை டம்மி என்போம். அதை நான் பத்திரமாக வைத்திருப்பேன். அவர் அதைத் தூக்கி மூன்றாம் வகுப்பில் கொடுத்துவிட்டார். ஒரு வாரம் கழித்து எண்ணெய்க் கறை, மாங்காய்த் துண்டு, கிழிசல் எல்லாவற்றோடும் வந்தது. நான் கத்தினேன். அவர் சிரித்தார். "வாங்க இஞ்சினியரே, என்ன இம்புட்டுக் கோவமா வாரீக? புத்தகம் திரும்பி வரும்போது கையக் கழுவணும்போல இருந்தா அது நல்ல கதைன்னு அர்த்தம்."

பிறகு பக்கம் பக்கமாகக் காட்டினார். அழுக்கான பக்கத்தில் பிள்ளைகள் தங்கியிருக்கிறார்கள். சுத்தமான பக்கத்தைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். சுத்தமானதை எடுத்துவிட வேண்டும். எனக்கு அது பிடித்துவிட்டது. அச்சுத் தொழில்நுட்பம் படித்தவன் நான். அளந்து பார்க்க முடிகிற எதையும் நம்புவேன். அடுத்தடுத்து மூன்று புத்தகங்களை அப்படித்தான் திருத்தினோம்.

இனி சொல்வது உங்களில் யாருக்கும் தெரியாது. புதுப் பள்ளிக்கு வந்த மல்லிகாவின் கதையைப் படித்திருப்பீர்கள். மல்லிகா தன் தண்ணீர் பாட்டிலை யானையாக நினைத்து அதனோடு பேசுவாள். இன்னொரு பெண் வந்து "உன் யானைக்குப் பேர் என்ன?" என்று கேட்பாள். அங்கே நட்பு தொடங்கும். அந்த யானை எங்கிருந்து வந்தது என்று கேட்டுச் சிலர் கடிதம் எழுதினீர்கள். நியாயமான கேள்வி. யானைக்கு முந்தைய பக்கம், பதினான்காம் பக்கம், புத்தகத்தில் இல்லை. அதில் மல்லிகா சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்துத் தனியாக உட்கார்ந்து அழுவாள். டம்மியில் அந்தப் பக்கம் மட்டும் பளிச்சென்று வந்தது. ஒரு விரல் ரேகைகூட இல்லை.

"பொறுங்க. பிள்ளைககிட்டக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார் அக்கா. இரண்டு நாள் பார்த்தேன். புத்தகக் கண்காட்சி நெருங்கிவிட்டது. சுத்தமான பக்கம் போக வேண்டும் என்பது அவர் விதிதானே? பக்கத்தை எடுத்தேன். யானையைப் பெரிதாக்கி இரண்டு பக்கத்துக்கும் விட்டேன். அச்சடித்தேன்.

புத்தகக் கட்டோடு பள்ளிக்குப் போனபோது மதிய இடைவேளை. விஷயத்தைச் சொன்னேன். அக்கா கோபப்படவில்லை. டம்மியை எடுத்து என் கையில் கொடுத்து, ஜன்னல் முன்னால் நின்ற பிள்ளைகளைக் காட்டி, "நீங்களே கேளுங்க" என்றார்.

"இந்தப் பக்கத்த யாருமே பாக்கலையா?" என்று கேட்டேன்.

"பாத்தமே" என்றாள் ஒரு பெண்.

"அப்பறம் ஏன் ஒரு கறைகூட இல்ல?"

"அந்தப் பிள்ள அழுகுதுல்ல? நம்ம பாத்துக்கிட்டே இருந்தா அதுக்கு வெக்கமா இருக்கும். அதான் டக்குன்னு திருப்பிருவோம்."

"யானை வந்ததுக்கப்பறம் நல்லாப் பாப்போம்" என்றாள் இன்னொருத்தி.

அதற்குள் ரெட்டைச் சடை போட்ட ஒரு சிறுமி கட்டைப் பிரித்துப் புதுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். முன்னால் போனாள், பின்னால் வந்தாள். "டீச்சர், அந்தப் பிள்ள எங்க? அழுகுதுன்னு எடுத்துட்டீகளா?"

அக்கா என்னைப் பார்க்காமலே சொன்னார்: "இந்த அண்ணன் அடுத்த தடவ சேத்துருவாக."

வாசலில் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. "சுத்தமான பக்கத்த எடுங்கன்னு சொன்னது நீங்கதான?" என்றேன். எவ்வளவு திமிர். "ஆமா, என் விதியும் தப்புத்தான். உங்க அவசரமும் தப்புத்தான்" என்றார். "பிள்ளைக பாக்காம விட்டதுக்கும் ஒரு காரணம் வச்சிருக்குதுக. நம்மதான் கேக்கல. வாங்க, டீ குடிப்போம்." அதன் பிறகு, டம்மி திரும்பி வந்தால் சுத்தமான பக்கங்களைப் பற்றித்தான் முதலில் விசாரிப்பார். நான் செய்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டவர்களிடம் தானே எடுத்ததாகச் சொல்லிவிட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை கண்ணப்பன் சார் கூட்டம் போட்டார். அக்காவின் நினைவாக மல்லிகா புத்தகத்தின் இரண்டாம் பதிப்பு. "யானைக்கு எதுக்கு ரெண்டு பக்கம்? பதினாலாம் பக்கத்துல செலின் போட்டோவ வச்சு நாலு வரி எழுதுவோம்" என்றார்.

"அந்த எடம் மல்லிகாவுக்கு" என்றேன்.

"அழுகுற படத்தையா? நினைவுப் பதிப்புலயா? வாங்குற அப்பா அம்மா மூஞ்சியச் சுளிப்பாகப்பா. அது வேணாம்னு செலினே எடுத்த பக்கந்தான?"

"அவங்க எடுக்கல. நான் எடுத்தேன்."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இத்தன நாளா ஏன்டா சொல்லல? சரி, எழுதிக் குடு. நம்ம வாசகர்களுக்கு அனுப்புவோம், எல்லாரும் படிக்கட்டும். அப்பறம் முடிவு பண்ணுவோம்."

எழுதிவிட்டேன். முடிவு உங்கள் எல்லோர் கையிலும் இருக்கிறது. ஆனால் அந்தச் சிறுமியிடம் அக்கா வாக்குக் கொடுத்தது என் பெயரில். அவரிடமிருந்து என்னிடம் மிச்சமிருப்பவை இரண்டு: கறை படிந்த அந்த டம்மி, பிறகு அந்த வாக்கு. நான் செய்யப்போவது இது:

1. பதினான்காம் பக்கத்தை அக்கா வைத்தபடியே வைப்பேன். யானை தன் அளவுக்குச் சிறுத்துப் பதினைந்துக்குப் போகும்.

2. அக்காவின் போட்டோ பின் அட்டையின் உள்பக்கத்தில் வரும். சின்னதாக.

3. புது டம்மியை அதே பள்ளியில் கொடுப்பேன். ஒரு வாரம் தொந்தரவு செய்ய மாட்டேன். இதுதான் எனக்குக் கஷ்டம்.

4. ரெட்டைச் சடைச் சிறுமி அப்போது மூன்றாம் வகுப்பு; இரண்டு வருடம் ஆகிறது, இப்போது ஐந்தாம் வகுப்பில் இருக்க வேண்டும். பெயர்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன். விசாரித்துக் கண்டுபிடித்து, முதல் பிரதியை அவள் கையில் கொடுத்து, பக்கத்தை எடுத்தது டீச்சர் இல்லை, நான் என்று சொல்வேன்.